புது அவுட்போர்டு எஞ்சினுக்கு எந்தப் பெட்ரோல், எந்த பாட்டில்?

பாம்பன் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஃபைபர் போட்டுக்குப் புதிதாக 9.9 எச்பி ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின் (போட்டின் பின்பக்கம் வெளியே மாட்டுவது) வாங்கியிருக்கிறார், கார்புரேட்டர் மாடல். பங்கில் சாதா பெட்ரோல் போடுவதா, பிரீமியம் போடுவதா? டீலர் 'எத்தனால் ட்ரீட்மென்ட்' என்று ஒரு பாட்டிலும் ஆக்டேன் பூஸ்டர் ஒன்றும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறார், எடுக்கலாமா? வீட்டில் மண்ணெண்ணெய் இருக்கிறது, கொஞ்சம் கலந்தால் செலவு குறையும் என்று மாமா சொல்கிறார், சரியா? போட் வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் கடலுக்குப் போகிறது, மற்ற நாளெல்லாம் கரையில்தான்.

கேள்வி பலவாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். எஞ்சினோடு வந்த புத்தகம் எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது என்கிறது. பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் கலந்த இ20. இந்த வித்தியாசத்தை ஒரு பாட்டில் சரிக்கட்டுமா? கட்டாது. எத்தனாலைப் பெட்ரோலிலிருந்து எடுத்துவிடும் மருந்து எதுவும் பாட்டிலில் வருவதில்லை. லேபிளில் என்ன படம் போட்டிருந்தாலும் சரி. ஆனால் எஞ்சினைக் காப்பாற்ற வழியே இல்லை என்று அர்த்தமில்லை. நான் அவுட்போர்டு மெக்கானிக். பயிற்சி எடுத்து, பல வருடமாகக் கடற்கரையிலேயே இந்த வேலை பார்க்கிறேன். வேதியியல் படித்தவன் இல்லை. அதனால் எனக்கு உறுதியாகத் தெரிந்ததையும், இப்படித்தான் இருக்கும் என்று நினைப்பதையும் தனித்தனியாகவே சொல்கிறேன்.

முதலில் எளிதான ஆக்டேன் விஷயத்தை முடித்துவிடலாம். எஞ்சினுக்குள் நேரத்துக்கு முன்பே எரிந்து தட்டாமல் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவுதான் ஆக்டேன். உங்கள் அளவு எஞ்சினுக்கு ஆர்ஓஎன் என்ற கணக்கில் 91 ஆக்டேன் போதும். சில புத்தகங்களில் 87 என்று இருக்கும். அது அமெரிக்கக் கணக்கு, இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். நம் ஊர் சாதா பெட்ரோல் முன்பே 91 இருந்தது. 20 சதவீதம் எத்தனால் கலந்தபின் 95 ஆகிவிட்டது, ஏனென்றால் எத்தனாலுக்கே ஆக்டேன் அதிகம். ஆக, ஆக்டேன் இப்போதே தேவைக்கு மேல் இருக்கிறது. பூஸ்டர் ஊற்றி அதை இன்னும் ஏற்றினால் எஞ்சின் ஒரு நூல்கூடக் கூடுதலாக இழுக்காது. அதோடு சில பூஸ்டர்களில் இரும்பு அல்லது மாங்கனீசு சேர்ந்த பொருள் இருக்கும். பிளக்கைக் கழற்றினால் பீங்கானில் செங்கல் நிறத்தில் ஒரு பூச்சு ஒட்டியிருக்கும். துடைத்தால் போகாது, பிளக்கை மாற்றத்தான் வேண்டும். அந்தப் பாட்டிலை டீலரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பிரீமியம் பெட்ரோலும் இதே கதைதான். 95 என்று எழுதி விற்கும் பிரீமியத்தில் எத்தனால் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அதிலும் கலப்பு உண்டு. கூடுதலாக இருப்பது கழுவும் பொருள் கொஞ்சம். எத்தனால் கலக்காதது என்று சொல்லி விற்கப்படுவது எக்ஸ்பி100 போன்ற 100 ஆக்டேன் பெட்ரோல்தான். அது பெரிய ஊர்களில் சில பங்குகளில் மட்டும் கிடைக்கும், விலையும் வெகு அதிகம். அதையும் வாய்வார்த்தையில் நம்ப வேண்டியதில்லை. வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

100 மில்லி அளவு போட்ட ஒடுக்கமான கண்ணாடி ஜாடி ஒன்று வாங்குங்கள், ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும். 10 மில்லி கோடு வரை தண்ணீர் ஊற்றி அதில் ஒரு சொட்டு பேனா மை விடுங்கள். அப்புறம் 100 மில்லி கோடு வரை பெட்ரோல் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்கி, ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். மை கலந்த தண்ணீர் அடியில் தங்கும். கோடு 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை. 18, 19 பக்கம் ஏறியிருந்தால் 10 சதவீதக் கலப்பு. 27, 28-க்குப் போயிருந்தால் இ20. எத்தனாலுக்குப் பெட்ரோலைவிடத் தண்ணீர்மேல் பிரியம் அதிகம், அதனால் பெட்ரோலை விட்டுவிட்டு அடியில் இறங்கித் தண்ணீரோடு சேர்ந்துகொள்கிறது. இந்தச் சோதனையை வெளியில், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பீடி, அடுப்பு எதுவும் கிட்டே வேண்டாம். சோதித்த 90 மில்லியைத் திரும்ப டேங்கில் ஊற்றாதீர்கள்.

இதைப் பார்த்துவிட்டு, அப்படியானால் கேன் கேனாகத் தண்ணீர் ஊற்றி எத்தனாலைக் கழுவி எடுத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. செய்கிறவர்களும் உண்டு. நான் வேண்டாம் என்பேன். எத்தனால் போனதும் ஆக்டேன் இறங்கும், எவ்வளவு இறங்கியது என்று வீட்டில் அளக்க முடியாது. பெட்ரோலில் கொஞ்சம் தண்ணீரும் தங்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, 20 லிட்டர் பெட்ரோலைக் குலுக்கிக் கொட்டி மாற்றுவது தீ விபத்துக்கு வாசல் திறந்து வைப்பதுதான். மிஞ்சுகிற சாராயத் தண்ணீரை எங்கே கொட்டுவது என்பது வேறு பிரச்சினை.

எத்தனால் என்ன செய்கிறது என்பதற்கு வருகிறேன். நம் நாட்டில் 10 சதவீதக் கலப்பு 2022-ல் எட்டப்பட்டது. இ20 2023 பிப்ரவரியில் சில பங்குகளில் ஆரம்பித்து, 2025-க்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. கார், பைக் கம்பெனிகள் வண்டியை அதற்கேற்ப மாற்றிக்கொண்டன. அவுட்போர்டு கம்பெனிகளோ உலகம் முழுக்க விற்கிறவை. யமஹா, சுசுகி, ஹோண்டா, மெர்குரி என எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் வழக்கமாக இருக்கும் வரம்பு 10 சதவீதம். அமெரிக்காவில் 15 சதவீதப் பெட்ரோலைப் படகு எஞ்சினில் ஊற்றுவதற்கே சட்டப்படி தடை இருக்கிறது.

ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ20-க்குக் கணக்குப் போட்டால் 13.5 வரும். காரில் புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் இதைக் கண்டுபிடித்து, எரிபொருளைக் கொஞ்சம் கூட்டிவிடும். உங்கள் கார்புரேட்டரில் இருப்பது பித்தளை ஜெட்டில் ஒரு துளை, அவ்வளவுதான். அது பழைய கணக்குப்படியே விடும். ஆக, கலவை சுமார் எட்டு சதவீதம் மெலிந்து போகிறது. எங்கள் பாஷையில் 'லீன்'. லீனாக ஓடினால் காலையில் ஸ்டார்ட்டிங் முரண்டு பிடிக்கும், ஐடிலில் இருமும், முழு த்ராட்டிலில் நீண்ட நேரம் ஓடும்போது வெப்பம் ஏறும். சிறிய எஃப்ஐ (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) மாடல்களிலும் பெரும்பாலும் ஆக்சிஜன் சென்சார் கிடையாது, அதனால் அவை தாமாகச் சரிசெய்துகொள்ளும் என்று நம்ப வேண்டாம். பெட்ரோலும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். எத்தனாலில் சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், ஒரு லிட்டர் இ20-ல் ஏழு சதவீதம்போலக் குறைகிறது. கரைக்குத் திரும்பும் கணக்குப் போட்டுப் பெட்ரோல் எடுத்துப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இது எஞ்சினை எவ்வளவு கெடுக்கும்? இங்கே உறுதி கொஞ்சம் குறைகிறது. 2011-ல் அமெரிக்க அரசின் எரிசக்தி ஆய்வகம் ஒன்றுக்காக மெர்குரி கம்பெனி ஒரு சோதனை நடத்தியது. மூன்று மாடல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு எஞ்சின் எத்தனால் இல்லாத பெட்ரோலில், ஒன்று 15 சதவீதக் கலப்பில். முழு த்ராட்டிலில் 300 மணி நேரம். 200 எச்பி டூ ஸ்ட்ரோக்கில் கனெக்டிங் ராடு பேரிங் போனது. 300 எச்பி சூப்பர்சார்ஜ்டு எஞ்சினில் எக்ஸாஸ்ட் வால்வுகளில் விரிசல் விழுந்தது. மூன்றாவது, உங்களுடையதைப் போலவே 9.9 எச்பி கார்புரேட்டர் ஃபோர் ஸ்ட்ரோக். அது 300 மணி நேரத்தையும் முடித்துவிட்டது. ஆனால் ஐடிலில் மிஸ் அடித்தது, பிஸ்டனுக்கு அடிப்பக்கம் கார்பன் அதிகம் படிந்திருந்தது, ஃபியூயல் பம்ப் கேஸ்கட் கெட்டுப்போயிருந்தது. இதில் கவனிக்க வேண்டியது: அது இ15, நம்முடையது இ20. ஒரு எரிபொருளுக்கு ஒரே ஒரு எஞ்சின் வைத்துப் பார்த்தது. நம் மீனவர் யாரும் 300 மணி நேரம் முழு த்ராட்டிலிலேயே ஓட்டுவதில்லை. எனவே உங்கள் எஞ்சின் இத்தனை வருடத்தில் போகும் என்று இதிலிருந்து யாரும் கணக்குச் சொல்ல முடியாது. சின்ன எஞ்சின் ஒரே நாளில் வெடிக்காது, ரப்பரும் கேஸ்கட்டும்தான் முதலில் அடிவாங்கும் என்பது மட்டும் நான் பட்டறையில் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. வருகிற எஞ்சின்களில் பம்ப் டயாஃப்ரம் விறைத்துப்போயிருக்கும், ஹோஸின் உள்தோல் உரிந்து வால்வை அடைத்திருக்கும், கார்புரேட்டர் கிண்ணத்தில் பச்சை படிந்திருக்கும்.

அந்தப் பச்சைக்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர். கடலில் ஓடும் எஞ்சினுக்கு லீனைவிடத் தண்ணீர்தான் பெரிய பகை என்பது என் கருத்து. எத்தனால் தண்ணீரைக் கொஞ்சம் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும், அதுவரை எஞ்சினுக்குத் தெரியாது. 10 சதவீதக் கலப்பு சுமார் அரை சதவீதம் தண்ணீர் தாங்கும். 25 லிட்டர் டேங்க் என்றால் 125 மில்லி, ஒரு தம்ளருக்கும் குறைவு. இ20 அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் அந்த எல்லை தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். 25 லிட்டர் இ20-ல் எத்தனாலே ஐந்து லிட்டர் இருக்கிறது, அதில் பெரும்பங்கு கீழே போகும். எஞ்சின் உறிஞ்சும் குழாயும் டேங்கின் அடியில்தான் இருக்கிறது. காலையில் ஹோஸில் இருக்கும் ரப்பர் பம்ப் பல்பை அழுத்தி ஸ்டார்ட் செய்யும்போது முதலில் உள்ளே போவது அந்தக் கலவைதான். கார்புரேட்டரின் அலுமினியத்துக்கு அது அரிப்பு.

பிரிந்துபோன பெட்ரோலைத் திரும்பச் சேர்க்கும் என்று விற்கும் பாட்டில்களை நான் நம்புவதில்லை. மிகக் குறைந்த அளவு தண்ணீரைக் கரைக்கச் சில உதவலாம். அடியில் தனி அடுக்காக நின்றுவிட்டதென்றால் அந்த டேங்கைக் காலி செய்வதைத் தவிர வேறு வழி கிடையாது. 'தண்ணீர் நீக்கி' என்று வரும் சிலவற்றில் இருப்பதே இன்னொரு வகை ஆல்கஹால்தான். ஏற்கெனவே ஐந்து லிட்டர் ஆல்கஹால் இருக்கும் டேங்கில் மேலும் 50 மில்லி ஊற்றி என்ன சாதிப்பது?

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றால், காற்றின் ஈரத்தை உறிஞ்சி எத்தனால் தானே கெட்டுவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். நடக்கும், ஆனால் மெதுவாக. மூடிய டேங்கில் வாரக்கணக்கு, மாதக்கணக்கு ஆகும். நான் பார்த்தவரை தண்ணீர் வருவது மூடியின் ரப்பர் வெடித்த கேனில் மழை இறங்குவதாலும், மூடியில் இருக்கும் காற்றுத் திருகைத் திறந்தபடியே விட்டு அலை அடிப்பதாலும்தான். கரைக்கு வந்ததும் அந்தத் திருகை மூடுங்கள், ஓடும்போது மறக்காமல் திறங்கள். செலவே இல்லாத வேலை, எந்த பாட்டிலைவிடவும் அதிகம் காப்பாற்றும்.

காசு செலவழிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தண்ணீர் பிரிக்கும் ஃபியூயல் ஃபில்டர், 10 மைக்ரான், அடியில் கண்ணாடி மாதிரி தெரியும் கிண்ணம் வைத்தது. டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவில் மாட்டுங்கள். கிண்ணத்தில் அடியில் கோடு தெரிந்தால் வடித்துவிடலாம். அது தனித் தண்ணீரைப் பிடிக்கும், பெட்ரோலில் கரைந்து நிற்கும் தண்ணீரைப் பிடிக்காது. அப்புறம் ஹோஸ். எத்தனாலுக்குத் தாங்கும் என்று அச்சடித்த நல்ல ஹோஸாகப் பார்த்துப் போடுங்கள். கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் ஊர்பேர் தெரியாத டியூப் வேண்டாம். பல்பை வாரத்துக்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விறைத்திருந்தாலோ பிசுபிசுத்தாலோ மாற்றுங்கள்.

டீலர் கொடுக்கும் 'எத்தனால் ட்ரீட்மென்ட்' பாட்டிலுக்கு வருவோம். பின்னால் திருப்பிப் படித்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று ஸ்டெபிலைசர், அதாவது பெட்ரோல் பழசாகிப் பிசின் கட்டாமலும் உலோகம் துருப்பிடிக்காமலும் தடுக்கும் பொருள். இது உண்மையிலேயே வேலை செய்யும், ஆனால் பெட்ரோல் டேங்கில் கிடக்கும்போதுதான். வாடைக்காற்று காலத்தில் ஒரு மாதம் போட் இறக்க மாட்டோம் என்றால், நிறுத்துவதற்கு முந்தைய ஓட்டத்திலேயே புதுப் பெட்ரோலில் போட்டு, பத்து நிமிடம் ஓட்டி, கார்புரேட்டர் வரை போகவிட்டு நிறுத்துங்கள். பழைய பெட்ரோலில் ஊற்றிப் பிரயோசனமில்லை. நீங்கள் வாங்கி அன்றைக்கே எரிக்கும் பெட்ரோலுக்கு இது தேவையே இல்லை. இன்னொன்று கார்பன் கழுவும் வகை. பாலிஈதர்அமைன் இருக்கும் சரக்கு நல்லதுதான், மெதுவான வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டுகிறவர்களுக்கு உதவும். ஆனால் புது எஞ்சினில் கழுவ என்ன இருக்கிறது? 100 மணி நேரம் ஓடட்டும், அப்புறம் யோசிக்கலாம். இரண்டு வகையுமே கலவை லீனாவதைத் தடுக்காது.

மண்ணெண்ணெய் விஷயத்தில் மாமா சொல்வது தவறு. ஆனால் அவர் எங்கிருந்து சொல்கிறார் என்று புரிகிறது. மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டுகள் நம் கடற்கரையில் வெகுகாலமாக இருக்கின்றன. அவை அதற்கென்றே கம்ப்ரஷன் குறைத்துச் செய்த எஞ்சின்கள். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்குமுன் திரும்பப் பெட்ரோலுக்கு வருவார்கள். உங்களுடையது பெட்ரோல் ஃபோர் ஸ்ட்ரோக். மண்ணெண்ணெயின் ஆக்டேன் மிகக் குறைவு, கலந்தால் எஞ்சின் தட்டும். எரியாத மண்ணெண்ணெய் ரிங் வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலில் சேரும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறையாமல் ஏறிக்கொண்டே வந்தால், முகர்ந்து பாருங்கள், வாடையே சொல்லிவிடும். அந்த ஆயிலில் ஓடினால் பேரிங் தேய்ந்து போகும்.

டூ ஸ்ட்ரோக்கிலிருந்து மாறி வருகிறவர்கள் பழக்கதோஷத்தில் செய்யும் இன்னொரு காரியம், பெட்ரோலில் 2டி, அதாவது டூ ஸ்ட்ரோக் ஆயில் கலப்பது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் வேண்டாம். பிளக் கறுக்கும், வால்வில் கார்பன் ஏறும். எத்தனால் உலர்த்துவதற்கு ஈடாகக் கொஞ்சம் 2டி விட்டால் நல்லது என்று சில அனுபவசாலிகள் வாதிடுவார்கள். அதற்கு ஆதாரம் என்று எதையும் நான் பார்த்ததில்லை. டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை: டிசி-டபிள்யூ3 முத்திரை உள்ள படகு ஆயிலையே வாங்குங்கள், பைக் 2டி வேண்டாம். பெட்ரோல் அடியில் பிரிந்துவிட்டால் அந்த அடுக்கோடு ஆயில் போகாது. உங்கள் எஞ்சின் ஆயிலே இல்லாமல் ஓடும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

உங்கள் எஞ்சின் புதிது என்பதால் முதல் 10 மணி நேரத்துக்கு முக்கியத்துவம் கொடுங்கள். ரிங்கும் சிலிண்டரும் ஒன்றோடொன்று பழகும் நேரம் அது, வெப்பம் கூடக் கூடாது. மதுரை, ராமநாதபுரம் போகிறவர் யாராவது இருந்து, எத்தனால் இல்லாத பெட்ரோல் சோதனையில் தேறிக் கிடைத்தால், காசு பார்க்காமல் அந்தப் பத்து மணி நேரத்துக்கு மட்டுமாவது அதை ஊற்றுங்கள். கிடைக்காவிட்டால் இ20-லேயே ஓட்டுங்கள், ஆனால் முழு த்ராட்டிலில் நீட்டாதீர்கள், ஒரே வேகத்திலும் வைக்காதீர்கள். எஞ்சின் ஆயில் எஃப்சி-டபிள்யூ, அதாவது படகு ஃபோர் ஸ்ட்ரோக்குக்கான முத்திரை உள்ளதாக, புத்தகம் சொல்லும் கிரேடில், பெரும்பாலும் 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40. முதல் ஆயில் மாற்றம் பல மாடல்களில் 20 மணி நேரத்தில் வரும், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அதன்பின் வழக்கம் இதுதான். ஆள் நடமாட்டம் உள்ள, நன்றாக விற்பனையாகும் பங்கில், அன்றைக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். அடுத்த மூன்று நான்கு நாள் போகப் போவதில்லை என்றால், ஹோஸைக் கழற்றிவிட்டு எஞ்சினைத் தானாக அணையும்வரை ஓடவிட்டுக் கார்புரேட்டரைக் காலி செய்யுங்கள், குளிர்விக்கும் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்போது. இது கார்புரேட்டர் மாடலுக்கு மட்டும், எஃப்ஐ வைத்திருப்பவர்கள் செய்யக் கூடாது, பம்ப் வறண்டு ஓடும். பிளக்கை அவ்வப்போது கழற்றிப் பாருங்கள். பீங்கான் இளம்பழுப்பாக இருந்தால் நல்லது. சுண்ணாம்பாக வெளுத்து, முனையில் பொரிந்த மாதிரி இருந்தால் லீன் அதிகம். இந்தக் காலப் பெட்ரோலில் பிளக் நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, ஆனால் வெளுத்த பிளக்கும் ஐடில் இருமலும் சேர்ந்து வந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாக மாற்றினால் இ20-க்குச் சரியாகும் என்று சொல்வார்கள். கணக்குப்படி அது சரிதான், செய்து நன்றாக ஓடும் எஞ்சின்களும் உண்டு. ஆனால் வாரண்டி இருக்கும்வரை கை வைக்காதீர்கள்.

வாரண்டி என்றதும் ஒன்று. டீலரிடம் பாட்டில் வாங்குவதற்குப் பதில் ஒரு கடிதம் வாங்குங்கள். உங்கள் மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் போட்டு, 'இந்த எஞ்சினில் இ20 பயன்படுத்தலாமா, பயன்படுத்தினால் வாரண்டி உண்டா' என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் 'எல்லாம் ஓடும்' என்பவர் எழுத்தில் என்ன தருகிறார் என்று பார்த்துக்கொள்ளலாம். மாடலுக்கு மாடல் பதில் மாறலாம், அதனால் பக்கத்து போட்காரர் வாங்கிய கடிதம் உங்களுக்கு உதவாது. பதில் வரும்வரை ஒவ்வொரு முறையும் பெட்ரோல் போட்ட பில்லை எடுத்து வையுங்கள்.